கோட்டும் கோடும்: ஆங்கில ஒலிகளைக் கணங்களாகப் பார்த்தல்

விருத்தாசலத்துச் செராமிக் பட்டறைகளில் ஒரு நாளில் புழங்கும் ஆங்கிலச் சொற்களை எழுதிவைத்தால் ஒரு சிறு அகராதி தேறும். கப்பு, சாசரு, பிளேட்டு, ஜாரு, டைலு, மோல்டு, சிலிப்பு, கிளேசு, கிரேடு என்று நீளும் பட்டியல் அது. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்து கிடக்கும் வெள்ளைக் களிமண், இங்கே அமைந்த தொழிற்பேட்டை, செராமிக் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு தரும் அரசுக் கல்வி நிலையம் ஆகியவை சேர்ந்து இதைப் பீங்கான் ஊராக்கின. தொழிலோடு அதன் சொற்களும் வந்து குடியேறின.

ஈற்றில் ஒட்டிக்கொள்ளும் இந்த உகரத்தைக் கேட்டால் படித்தவர்கள் உடனே திருத்துவார்கள். கப்பு என்று சொல்லாதே, கப் என்று சொல் என்பார்கள். ஆங்கிலம் சரியாக வராதவர்களின் நாக்குப் பிசகு என்றுதான் பள்ளிகளும் இதை நடத்துகின்றன. ஆனால், ஆங்கிலச் சொல்லின் ஒலியமைப்பைக் கணக்கோடு அணுகிப் பார்த்தால், கப்பு என்று சொல்லும் வாய் ஆங்கில ஒலிகளைத் துல்லியமாகத் தரம் பிரித்திருப்பது தெரியும். ஆங்கில இலக்கணத்தின் இரண்டு முக்கியமான விதிகள் எந்தப் பிரிவினையின் மேல் நிற்கின்றனவோ, அதே பிரிவினைதான் அது. அதைக் காட்டக் கணக் கோட்பாடு போதும். ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் இயலில் நம் பிள்ளைகள் படிக்கும் அளவே போதும்.

ஆங்கிலப் பன்மையை முதலில் எடுத்துக்கொள்வோம். எஸ் சேர்க்க வேண்டும், சில சொற்களுக்கு ஈ-எஸ் சேர்க்க வேண்டும் என்று பள்ளியில் எழுத்தை வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். காது கேட்பது மூன்று ஒலி. கப், பிளேட், பாட் என்ற சொற்கள் பன்மையில் ‘ஸ்’ என்று முடிகின்றன. மக், ஜார், டைல், பவுல், கில்ன் ஆகியவற்றில் வருவது இசட் எழுத்தின் அதிர்வொலி. எழுதும்போது எஸ்தான், ஒலிக்கும்போது இல்லை. டிஷ், வாஸ், கிளேஸ் ஆகியவற்றில் ஒரு முழு அசையே கூடுகிறது: டிஷிஸ், வாஸிஸ், கிளேஸிஸ். எந்தச் சொல்லுக்கு எது என்பதைப் பொருள் தீர்மானிப்பதில்லை, எழுத்துக்கூட்டலும் தீர்மானிப்பதில்லை. சொல்லின் கடைசி ஒலி எந்தக் கணத்தின் உறுப்பு என்பதே தீர்மானிக்கிறது.

ஆங்கிலத்தில் மெய்யொலிகள் 24. அவற்றில் குரல்வளை நாண்கள் அதிராமல் பிறப்பவை 9. அந்த ஒன்பதில் ‘ஹ்’ சொல்லின் ஈற்றில் வருவதே இல்லை, மிச்சம் 8. இதை ஒலிப்பிலாக் கணம் என்போம். இன்னொரு கணம் சீறொலிகள்: ஸ், அதன் அதிரும் இணையான இசட் ஒலி, ஷ், அதன் அதிரும் இணை, ச் (சேர் என்ற ஆங்கிலச் சொல்லின் முதலொலி), ஜ். ஆக 6. இரண்டு கணங்களின் வெட்டில் ஸ், ஷ், ச் ஆகிய 3 உறுப்புகள் நிற்கின்றன. ஒலிப்பிலாக் கணத்திலிருந்து இந்த மூன்றைக் கழித்தால் மிஞ்சுவது 5: ப், ட், க், ஃப், மற்றும் ‘பாத்’ என்ற குளியல் சொல்லின் ஈற்றொலி. இந்த ஐந்துக்கும் பன்மையில் ‘ஸ்’. சீறொலி ஆறுக்கும் ஓர் அசை கூடும். உயிரில் முடியும் சொற்கள் உட்பட மற்ற எல்லாவற்றுக்கும் இசட் ஒலி.

இறந்தகாலத்துக்குப் போனால் இந்தக் கழித்தலின் அழகு புலப்படும். பேக் செய்தது, பிரஸ் செய்தது என்ற வினைகளில் ஈற்றில் ‘ட்’ கேட்கிறது. சூளையில் சுட்டதைச் சொல்லும் ஃபயர், மேற்பூச்சைச் சொல்லும் கிளேஸ் ஆகியவற்றில் அதிரும் ‘ட்’, அதாவது டி எழுத்தின் ஒலி. மோல்ட், பெயிண்ட் ஆகியவற்றில் ஓர் அசை கூடுகிறது. இங்கேயும் அதே எட்டு உறுப்பு ஒலிப்பிலாக் கணம்தான் அடிப்படை. ஆனால் இந்த முறை கழிக்கப்படுவது ‘ட்’ ஒன்றே, மிஞ்சுவது 7. கிளேஸ் என்ற ஒரே சொல் பன்மைக்கு ஒரு கணத்திலும் இறந்தகாலத்துக்கு வேறொரு கணத்திலும் உட்காருகிறது. பெயராகப் பன்மையில் அசை கூடும். வினையாக இறந்தகாலத்தில் கூடாது.

கழிக்கப்படும் கணம் ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது? ஒட்டப்போகும் விகுதியோடு அதிக நெருக்கமுள்ள ஒலிகளே வெளியேற்றப்படுகின்றன. ‘ஸ்’ஸை அடுத்து இன்னொரு ‘ஸ்’ வந்தால் காது பிரித்தறியாது. ‘ட்’டை அடுத்து ‘ட்’ வந்தாலும் அப்படித்தான். விகுதி எதுவோ, அதற்கு ஒத்த ஒலிகளை நீக்கு. மிஞ்சியதை ஒலிப்புடையது, ஒலிப்பிலாதது என்று இரண்டாகப் பிரி. இந்த ஒரே வரையறையில் பன்மையும் இறந்தகாலமும் அடங்கிவிடுகின்றன. பள்ளிப் புத்தகம் இரண்டு தனித்தனிப் பாடங்களாக, எழுத்துக்கூட்டல் பட்டியல்களோடு, விதிவிலக்குகளோடு நடத்துவது இதைத்தான்.

24 உறுப்புள்ள ஒரு கணத்துக்கு எத்தனை உட்கணங்கள் உண்டு? இரண்டின் 24ஆம் அடுக்கு: 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216. ஆங்கிலத்தின் ஒலி விதிகளுக்குத் தேவைப்படுபவை இவற்றில் விரல்விட்டு எண்ணும் அளவே. இலக்கணம் எழுதுகிறவரின் திறமை இந்தத் தேர்வில்தான் இருக்கிறது. எல்லா உட்கணமும் கணிதத்துக்குச் சமம், மொழிக்குச் சமமில்லை. உறுப்புகளை ஒவ்வொன்றாக அடுக்குவதைவிடக் குறைந்த சொற்களில், ஒரு பண்பைச் சொல்லி வரையறுக்க முடிகிற கணங்களையே மொழிகள் விரும்புகின்றன. ‘நாண் அதிராதவை’ என்ற இரு சொற்களில் ஒன்பது ஒலி அடங்குகிறது. ‘ப், ஜ், ல்’ என்ற மூன்றைச் சேர்க்கும் பண்பைச் சொல்ல முயன்றால் அடுக்கித்தான் ஆக வேண்டும். அப்படி ஒரு விதியும் ஆங்கிலத்தில் இல்லை.

பட்டியலா, பண்பா என்ற கேள்விக்கு ஒரு சோதனையும் உண்டு. இசைமேதை பாக்கின் பெயர் ஜெர்மன் உச்சரிப்பில் தொண்டையை உரசும் ஓர் ஒலியில் முடியும். ஆங்கிலத்தின் 24 மெய்களில் அது இல்லை. அந்தப் பெயரை அப்படியே உச்சரிக்கும் ஆங்கிலேயரிடம் பன்மை கேட்டால் ‘ஸ்’ சேர்ப்பார், இசட் ஒலி சேர்க்க மாட்டார். லீஸ் மென் முன்வைத்ததாக மோரிஸ் ஹாலே எழுதிய வாதம் இது. பட்டியலை மனப்பாடம் செய்தவருக்குப் பட்டியலில் இல்லாத ஒலிக்கு விடை தெரியாது. பண்பை அறிந்தவருக்குத் தெரியும். 1958இல் ஜீன் பெர்கோ குழந்தைகளிடம் செய்த ஆய்வும் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டியது. பறவை போன்ற ஓர் உருவத்தைக் காட்டி ‘வக்’ என்று இல்லாத பெயர் ஒன்றைச் சொன்னார். இப்போது இரண்டு இருக்கின்றன, இவை என்ன என்று கேட்டார். நான்கு முதல் ஏழு வயதுக்குள் இருந்த குழந்தைகளில் பெரும்பாலோர், ஒருபோதும் கேட்டிராத அந்தச் சொல்லுக்கு இசட் ஒலியைச் சரியாகச் சேர்த்தார்கள். ஆனால் சீறொலியில் முடியும் புதுச் சொற்களில் தடுமாறினார்கள். கிளாஸ் என்பதற்குப் பன்மை தெரிந்த குழந்தைக்கே ‘டாஸ்’ என்ற பொய்ச்சொல்லுக்கு வரவில்லை. பிரித்தல் முதலில் வருகிறது, கழித்தல் பிறகுதான் கைகூடுகிறது.

இலக்கணத்தைக் கணங்களின் மேல் கட்டும் முயற்சி கணிதத்துக்குள்ளிருந்து வெளிப்படையாக எழுந்ததும் அதே 1958இல்தான். இயந்திர மொழிபெயர்ப்பில் உழைத்த ரஷ்யக் கணிதவியலாளர் ஓல்கா குலாகினா, சொற்களின் ஒரு கணத்தையும் சரியான வாக்கியங்களின் ஒரு கணத்தையும் மட்டும் தந்துவிட்டால், ஒன்றின் இடத்தில் ஒன்று நிற்க முடிகிற சொற்களைக் குழுக்களாக்கி இலக்கண வகைகளை வரையறுக்கலாம் என்று காட்டினார். ருமேனியாவின் சாலமன் மார்க்கஸ் 1960களில் அதை விரித்து நூல்களாக்கினார். தமிழ்நாட்டில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி 1963இல் தமிழ் உரைநடையின் தகவல் அளவைக் கணக்கிட்டு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அவரும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974இல் கோலங்களுக்கு முறைசார் இலக்கணம் எழுதினார்கள். இந்தப் பரம்பரை நம் பள்ளிப் பாடங்களை வந்தடையவே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இத்தனைக்கும் நம் இலக்கண நூல்கள் கண முறையிலேயே பேசுகின்றன. 13ஆம் நூற்றாண்டு நன்னூலின் மெய்ம்மயக்கத்தைப் பாருங்கள். ஒரு மெய் தன்னோடு தானே அடுத்து நிற்பது உடனிலை. பிற மெய்யோடு நிற்பது வேற்றுநிலை. ர், ழ் இரண்டும் இரட்டிக்காது. ஆகவே உடனிலைக் கணத்தில் 16 உறுப்பு. க், ச், த், ப் நான்கும் தம்மையன்றிப் பிற மெய்யைப் பின்னே ஏற்காது. ஆகவே வேற்றுநிலைக் கணத்தில் 14. இரண்டின் வெட்டு 12. பதினாறும் பதினான்கும் முப்பது, அதில் பன்னிரண்டைக் கழித்தால் 18. தமிழ் மெய்கள் மொத்தம் வந்துவிட்டன. வெண்படம் வரைய இதைவிடப் பொருத்தமான கணக்கு ஒன்பதாம் வகுப்பு ஆசிரியருக்குக் கிடைக்காது.

தொல்காப்பியர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். எந்த மெய் சொல்லின் முதலில் வரும் என்பதோடு நிற்காமல், எந்த உயிரோடு கூடி வரும் என்றும் சொல்கிறார். கார்டீசியன் பெருக்கலின் உட்கணம் என்று பத்தாம் வகுப்பில் சொல்லித்தரும் உறவு இதுதான். க, த, ந, ப, ம ஐந்தும் 12 உயிரோடும் வரும்: 60. சகரம் அ, ஐ, ஔ நீங்கலாக 9. வகரம் உ, ஊ, ஒ, ஓ நீங்கலாக 8. ஞகரம் மூன்றோடு, யகரம் ஆகாரம் ஒன்றோடு. கூட்டினால் 81, தனி உயிர் 12 சேர 93. சகர விதிக்குப் பாடவேறுபாடு காட்டுவோர் உண்டு. அந்த விவாதம் எண்ணிக்கையை மாற்றும், முறையை மாற்றாது.

ஆங்கிலச் சொல்லின் முதலில் மூன்று மெய் சேர்ந்து வருவதும் இதே வகையான உறவு. முதல் மெய் ‘ஸ்’ மட்டுமே. இரண்டாவது ப், ட், க் என்ற மூன்றில் ஒன்று. மூன்றாவது ல், ர், வ், ய் என்ற நான்கில் ஒன்று. பெருக்கினால் 12 சேர்க்கை வாய்ப்பு. வழக்கில் இருப்பவை 9. ஸ்ட்ல், ஸ்ட்வ், ஸ்ப்வ் என்று தொடங்கும் ஆங்கிலச் சொல் இல்லை. தமிழிலும் மூன்று மெய் அடுத்தடுத்து வரும், சொல்லின் நடுவில்: வாய்க்கால், பார்ப்பு, வாழ்த்து. அங்கேயும் முதலிடம் ய், ர், ழ் என்ற மூன்று உறுப்புக் கணத்துக்கே. சொல்லின் முதலில் மெய்க்கூட்டுகளின் கணம் தமிழ் மரபில் வெற்றுக் கணம். ஆங்கிலத்தில் வேறோர் இடம் வெறுமை: தனிச்சொல்லுக்குள் ஒரே மெய்யொலி இரட்டிப்பதில்லை. எழுத்தில் இரண்டு பி போட்டாலும் ‘ஹேப்பி’யில் ஆங்கிலேயர் ஒலிப்பது ஒரு ‘ப்’தான்.

இப்போது பட்டறைச் சொற்களுக்குத் திரும்பலாம். கிளேஸ் என்ற சொல்லின் முதலில் இரண்டு மெய் நெருங்கி நிற்கின்றன. தமிழில் அது வெற்றுக் கணம் என்பதால் நடுவே இகரம் புகுந்து ‘கிளே’ என்றாகிறது. சிலிப்பும் கிரேடும் அப்படியே. ஈற்றில் வேறு கணக்கு. நன்னூல்படி சொல்லின் இறுதியில் நிற்கக்கூடியவை 24: உயிர் 12, மெய் 11, குற்றியலுகரம் 1. அந்தப் பதினொரு மெய்யில் வல்லினம் ஒன்றுகூட இல்லை. லகரமும் ரகரமும் உண்டு. அதனால் டைல், ஜார் என்று எழுத்தில் நிறுத்திக்கொள்ள முடிகிறது. பேச்சில் பால் பாலு ஆவதுபோல டைலு ஆகிறது, அவ்வளவே. கோட், கோட்(டி ஒலி), கப், பிளேட் ஆகியவை வல்லினத்தில் முடிபவை. அவற்றுக்குக் குற்றியலுகரமே வாசல்.

மேலே அணியும் சட்டையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைக் கோட்டு என்கிறோம். கணினி நிரலையோ அஞ்சல் குறியீட்டு எண்ணையோ குறிக்கும் சொல்லைக் கோடு என்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறுபாடு ஈற்றொலி மட்டுமே: ஒன்றில் நாண் அதிராது, மற்றொன்றில் அதிரும். தமிழ்ப் பேச்சு அந்த வேறுபாட்டைத் தவறாமல் பிடித்து, இரட்டித்தல், இரட்டிக்காமை என்ற தன் சொந்தக் கருவியால் பதிவுசெய்கிறது. நோட்டு, ரோடு. சைட்டு என்றால் மனை, சைடு என்றால் பக்கம். சீட்டு, ஸ்பீடு. பைப்பு, டியூபு. பாட்டு–பாடு, காட்டு–காடு என்று நம் சொற்களிலேயே இரட்டித்த வல்லினம் அதிராது, உயிர்களுக்கு நடுவே ஒற்றையாய் நிற்கும் வல்லினம் அதிரும். அந்தப் பழக்கமே ஆங்கில ஒலியைத் தரம் பிரிக்கும் சல்லடையாக வேலை செய்கிறது.

இது ஆங்கிலப் பன்மைக்கும் இறந்தகாலத்துக்கும் அடிப்படையான அதே ஒலிப்பிலாக் கணம். பிளேட்டு என்று இரட்டித்துச் சொல்லும் தொழிலாளி, பிளேட்டை ஒலிப்பிலாக் கணத்திலும், கிரேடு என்று ஒற்றையாகச் சொல்லும்போது கிரேடை அதன் நிரப்புக் கணத்திலும் வைத்துவிட்டார். ஆங்கிலம் பிளேட்டுக்கு ‘ஸ்’ஸையும் கிரேடுக்கு இசட் ஒலியையும் தருவது இதே பிரிவைக் கொண்டுதான். ‘தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஈற்றில் டி, ட் பேதம் தெரியாது’ என்று சலித்துக்கொள்ளும் ஆசிரியர்கள் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பேதம் தெரிகிறது, அதை வேறு குறியால் காட்டுகிறார்கள். குறியைக் குற்றம் என்று எண்ணி அழித்தால், கையில் இருக்கும் அறிவையும் சேர்த்து அழிக்கிறோம்.

எல்லா இடத்திலும் இது வேலை செய்யாது. எங்கே செய்யாது என்பதையும் கண மொழியே தெளிவாகச் சொல்லும். பத்தாம் வகுப்பில் ஒன்றுக்கொன்றான சார்பு, பலவற்றிற்கு ஒன்றான சார்பு என்று படிக்கிறோம். நெடிலை அடுத்தால் சார்பு ஒன்றுக்கொன்று: கோட்டும் கோடும் கலப்பதில்லை. லகர ரகர மெய்களை அடுத்தாலும் அப்படியே: போல்ட்டு, மோல்டு, சார்ட்டு, கார்டு. குறிலை அடுத்தால் எழுத்தில் பலவற்றிற்கு ஒன்று: பந்தயத்தைக் குறிக்கும் சொல்லும் படுக்கையைக் குறிக்கும் சொல்லும் இரண்டுமே பெட்டு. கப்பும் மக்கும் இரண்டுமே இரட்டிக்கின்றன, ஆங்கிலப் பன்மையிலோ அவை வேறு வேறு கணம். பேச்சில் மக்கு என்பதன் ககரங்கள் அதிர்வது கேட்கிறது. எழுத்து அதை மறைக்கிறது. மெல்லினத்தை அடுத்தாலோ பழைய உச்சரிப்பில் பேச்சிலேயே வேறுபாடு மங்கிவிடுகிறது: பேங்கு, டேங்கு, பெயிண்டு. மொழிமுதலில் ஆட்டைக் குறிக்கும் கோட்டையும் சட்டையைக் குறிக்கும் கோட்டையும் ஒரே மாதிரி எழுதுகிறோம்.

குற்றியலுகரத்தின் ஆறு வகைகள் ஈற்றயல் ஒலியை வைத்துச் செய்த பிரிவினை. ஒன்றோடொன்று வெட்டாத, ஒன்றையும் விட்டுவிடாத ஆறு கணங்கள். கோடு நெடில்தொடர், கிரேடு உயிர்த்தொடர், பிளேட்டு வன்தொடர், பேங்கு மென்தொடர், மோல்டு இடைத்தொடர். ஆய்தத்தொடர் மட்டும் காலியாக இருக்கும். கோடும் கிரேடும் ஆங்கிலத்தில் ஒரே அசைச் சொற்கள், ஒரே ஈற்றொலி. ஆனாலும் முதலில் புகுந்த இகரம் எழுத்தெண்ணிக்கையைக் கூட்டியதால் கிரேடு வேறு கணத்துக்குப் போய்விட்டது. மேலே சொன்ன சார்பு எங்கே ஒன்றுக்கொன்று, எங்கே இல்லை என்பதை இந்த ஆறு வகைகளைக் கொண்டே எழுதிவிடலாம். தமிழாசிரியர் நடத்தும் பாடம் ஆங்கில ஆசிரியரின் சிக்கலுக்கு விடையாக இருக்கிறது, இரண்டையும் எழுதத் தேவையான குறியீடு கணக்காசிரியரிடம் இருக்கிறது. ஒரே பள்ளியில், ஒரே நாளில், மூன்று பாடவேளைகளாக அவை பிரிந்து கிடக்கின்றன.

கணக் கோட்பாட்டுக்கும் எல்லை உண்டு. கணத்துக்கு வரிசை தெரியாது. சொல்லுக்கு வரிசைதான் உயிர். அதனால்தான் வரிசைச் சோடிகளும் உறவுகளும் தேவைப்பட்டன. வடிவங்களிலும் விதிக்குள் வராத பட்டியல்கள் மிஞ்சும். சூளைக்குள் பாத்திரங்களை அடுக்கும் தட்டைக் குறிக்கும் ஷெல்ஃப் என்ற சொல்லில் ஈற்று ‘ஃப்’ முதலில் அதிரும் ஒலியாகி, பிறகு இசட் ஒலியை ஏற்கிறது: ஷெல்வ்ஸ். சீஃப், ரூஃப் போன்றவை அப்படி மாறுவதில்லை. மாறும் சொற்கள் ஏறத்தாழ ஒரு டஜன். அவற்றைப் பெயர் சொல்லி அடுக்குவதைத் தவிர வழியில்லை. நம் நூலாசிரியர்கள் புறனடை என்று தனியே வைத்தது இதற்காகத்தான். பட்டியலை முதலில் சோதி, அதில் இல்லையென்றால் பண்பைப் பார் என்ற வரிசை இங்கே கட்டாயம்.

குறிலை அடுத்த இடம்தான் இன்னும் வேலை மிச்சமிருக்கும் இடம். கப்பு, மக்கு, செட்டு, பெட்டு ஆகியவற்றில் இரட்டித்த மெய்யின் அதிர்வையும் நீளத்தையும் ஒலிப்பதிவில் அளந்து பார்த்தால், எழுத்தில் கலந்த கணங்கள் பேச்சில் பிரிந்தே நிற்கின்றனவா என்று உறுதிப்படும். அளவெடுக்கத் தெரிந்த மொழியியல் துறை இதே கடலூர் மாவட்டத்தில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அளக்க வேண்டிய சொற்கள் விருத்தாசலத்துப் பட்டறைகளில் நாள் முழுவதும் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. பள்ளியில் ஆங்கிலம் படித்துவிட்டு வந்த இளையவர்களிடமும், பட்டறையிலேயே அந்தச் சொற்களைக் கற்ற மூத்தவர்களிடமும் தனித்தனியே அளக்க வேண்டும். பேங்கு, டேங்கு என்று மங்கிய இடத்தில் இளையவர்களிடம் வேறுபாடு திரும்பிவருகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.